வால் விட்ட கேன்கள்

யோசேப்பைக் கட்டி இருபது வருசத்தில் அந்த மனிதர் ஒரு கோப்பைச் சோற்றை உட்கார்ந்த இடத்தில் தின்று முடித்ததை நான் கண்டதில்லை. கவளம் வாயில் இருக்கும்போதே எழுந்து போய் வாசலில் நின்று தெருக்கம்பத்து பல்ப் எரிகிறதா என்று பார்ப்பார். திரும்பி வந்து இன்னொரு கவளம் வைப்பார். மறுபடி எழும்புவார். பூசைக்குப் போனாலும் இதே கூத்துத்தான். சுவாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினால் இவர் பின்கதவடியில் நிற்பார். "உங்கட காலுக்குக் கீழ என்ன, நெருப்பா கிடக்கு?" என்று கேட்டுக் கேட்டு என் நாக்குத்தான் தேய்ந்தது. எங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, தலையில் தண்ணீர் ஊற்றுகிற நேரம் பார்த்துக் கோவிலின் விசிறி சுற்றத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. பிள்ளையை என் தமக்கையின் கையில் வைத்துவிட்டு மனிதர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் சுவாமியாரைப் பார்க்க, சுவாமியார் என்னைப் பார்க்க, வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லாவற்றுக்கும் காரணம் மெசின். மட்டக்களப்பு நகரத்தில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஏறாவூர் மர்சூக் முதலாளிக்கு ஒரு பிளாஸ்ரிக் பட்டறை இருந்தது. அதில் கேன் ஊதுகிற மெசின் ஒன்றே ஒன்று. அதை ஓட்டத் தெரிந்த ஆளும் ஒன்றே ஒன்று. எண்பத்து மூன்றுக்கு முன்னம் யோசேப்பு இரத்மலானையில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றவர். கலவரத்தோடு உடுத்த சாரத்துடன் ஊருக்கு வந்தார். கையில் தொழிலும் வாயில் சிங்களமும்தான் மிச்சம். முதலாளி அவரை அன்றைக்குப் பிடித்தவர்தான், விடவில்லை. தொண்ணூறில் ஏறாவூர் முஸ்லிம் சனத்துக்கும் தமிழரான எங்களுக்கும் இடையில் வெட்டும் கொலையுமாக நடந்ததெல்லாம் நடந்த பிறகும் விடவில்லை. இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மெசினைப் பற்றி மட்டும் நாள் முழுக்கப் பேசுவார்கள்.

மெசினுக்கு மேலே உள்ள தொட்டியில் பிளாஸ்ரிக் மணியைக் கொட்டினால், அது சூடேறிய இரும்புக் குழலுக்குள் உருகி, கீழே கூழ் பதத்தில் ஒரு வெறுங்குழாயாகத் தொங்கி இறங்கும். இரண்டு பாதியாக உள்ள இரும்பு அச்சு அதை இரு பக்கமும் வந்து கவ்வும். அந்த நேரம் பார்த்து உள்ளே காற்றை அடிக்க வேண்டும். காற்று அந்தப் பிளாஸ்ரிக்கை ஊதி அச்சின் சுவரோடு ஒட்ட வைக்கும். கொஞ்சம் ஆறவிட்டு அச்சைத் திறந்தால் பத்து லீற்றர் கேன் ஒன்று கைபிடியோடு நிற்கும். அச்சு கவ்விய இடத்தில், கேனின் அடியில், மிஞ்சின பிளாஸ்ரிக் நாலு விரல் அகலத்துக்குத் தொங்கும். அதை வால் என்போம். வாலை வெட்டிக் கேனைத் துப்புரவாக்குவது என் வேலை. வெட்டிய கேனுக்கு மூடியைப் பூட்டித் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அமுக்கிப் பார்ப்பதும் என் வேலை. குமிழி வந்தால் அது கழிவு.

இரும்புக் குழல் சூடேற இரண்டு மணித்தியாலம் வேண்டும். சூடேறிய பிறகு கரண்ட் நின்றால் உள்ளே கிடக்கிற பிளாஸ்ரிக் இறுகிக் கருகிவிடும். அதற்குள் கையால் சுற்றிச் சுற்றி அதை வெளியே தள்ள வேண்டும். ஆகவே கரண்ட் வந்தாலும் யோசேப்பு ஓட வேண்டும், போனாலும் ஓட வேண்டும். தொண்ணூற்றாறாம் ஆண்டில் எங்கள் ஊரில் கரண்டுக்கு வருவதும் போவதும்தான் வேலை. ஒருநாள் லைன் கம்பத்தில் குண்டு, ஒருநாள் மழை, ஒருநாள் காரணமே இல்லை. மனிதர் இருந்த இடத்தில் இருப்பாரா?

வந்த கரண்டும் அரை உயிரோடுதான் வந்தது. சூடு காணாது. சூடு காணாவிட்டால் அச்சு கவ்வும் இடத்தில் பிளாஸ்ரிக் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. கேனின் அடித்தையலில், வால் தொடங்கும் இடத்தில், ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். முன்பெல்லாம் அப்படிப்பட்ட கேனை அரைத்துத் திரும்பத் தொட்டிக்குள் போடுவோம். அந்த வருசம் அரைக்கிற மெசினின் மோட்டர் எரிந்து, கொழும்புக்குப் போனது போனதுதான். கழிவுக் கேன் கூரையைத் தொடும் மட்டும் குவிந்தது. திரும்பினால் கேன், குனிந்தால் கேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது.

"இதுகள வித்துருவம்" என்று நான்தான் சொன்னேன். "தண்ணி நிக்காட்டி என்ன, அரிசி நிக்கும்தானே. எலியால சனம் படுற பாடு தெரியாதா?"

யோசேப்பு தலையை ஆட்டினார். "நல்ல கேனோட கலந்து போயிடும், செசீலி. ஆரும் மண்ணெண்ண ஊத்திட்டு வந்து என்ட கழுத்தப் பிடிப்பான்."

"அடையாளம் வைப்பம்."

"என்ன அடையாளம்? கழுத்த வெட்டினா மூடி பூட்ட ஏலாது. பெயின்ற் அடிக்கிறதெண்டா பெயின்ற் எங்க?"

"வால வெட்டாம விட்டா? வால் கிடந்தா கழிவு. வால் இல்லாட்டி நல்லது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மூள இரிக்கி உனக்கு" என்றார். முதலாளியும் சம்மதித்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வால் வெட்டுவதுதான் அந்தப் பட்டறையில் கை நோகிற வேலை. ஆறிப்போனால் அது எலும்பு மாதிரி. நான் மூளையால் மட்டும் அந்த யோசனையைச் சொல்லவில்லை. கழிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு எனக்கு மிச்சம் என்று என் வலது கையும் சேர்ந்துதான் சொன்னது.

கார்த்திகை கடைசியில் கோணாமலை வந்தார். செட்டிபாளையத்துத் தோணிக்காரர். முன்னம் பட்டறைக்கு மண்ணெண்ணெய்க் கேன் வாங்க வந்து பழக்கம். உழவு மெசின் ஒன்றைப் பெட்டியோடு வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். குவியலைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். ஒரு கேனின் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த வால் வச்ச கேன் அறுபது தாங்க. வால் இல்லாதது வேணாம்."

"அண்ணன், சொல்லிப்போட்டன், இதுல தண்ணி நிக்காது. ஊத்தினா ஒழுகும்."

"தண்ணி ஊத்தவா நான் வாங்குறன்?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அரிசிக்குத்தான் என்று நினைத்தேன். அறுபது கேன் நிறைய அரிசி வைக்க, வாவியை நம்பிப் பிழைக்கிற அந்த மனிதருக்கு எந்த வட்டையில் வயல் இருக்கிறது என்று ஒரு நிமிசம் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஒளித்திருக்கவும் மாட்டார். எனக்கு இடம் காலியானது சந்தோசம். அவருக்கு வாலோடு கேன் கிடைத்தது சந்தோசம்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் கரண்ட் இல்லை. மார்கழி மழை ஊற்றியது. யோசேப்பு வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையில் நடந்து நடந்து செருப்பு அறுந்தது. பத்தாம் நாள் காலை கரண்ட் வந்தது. வந்ததென்றால் முழு உயிரோடு வந்தது. பத்து மணிக்கெல்லாம் கேன் வரிசையாக விழத் தொடங்கியது. ஒன்றிலும் குமிழி இல்லை. மனிதர் விசிலடித்துக்கொண்டு நின்றார். அவர் விசிலடித்து எத்தனையோ மாதம்.

பன்னிரண்டரை மணிக்குக் கல்முனைப் பஸ் கொண்டக்ரர் ஒழுங்கை முகப்பில் இறங்கி ஒரு துண்டுக் கடதாசியைத் தந்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். கோணாமலை கொடுத்துவிட்டது. நான்தான் உரத்து வாசித்தேன்.

"தங்கச்சி அறிவது. வால் உள்ள கேன் இன்னும் இருபது தேவை, பஸ்ஸில் ஏற்றிவிடவும். தோணி எல்லாவற்றையும் ஆமி காம்புக்கு எடுத்துவிட்டான். தோணி கூடாது என்றான், தெப்பம் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே கேனில் தெப்பம் கட்டியிருக்கிறேன். வாலில் துளை போட்டுக் கயிறு கட்ட மிகவும் வசதி. நேற்று ஐந்து பேரோடு வாவிக்கு அங்கால், அக்கரைக்குப் போய் வந்தேன், தெப்பம் கொஞ்சம் பதிகிறது. இன்று அக்கரை வயலில் களை பிடுங்க ஏழு பெண்கள் வருகிறார்கள். காலையில் கொண்டுபோய் விட்டு, நான் அங்கேயே நின்று, நாலு மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவேன்."

வாசித்து முடிக்கும் மட்டும் எனக்கு விளங்கவில்லை. யோசேப்புக்கு "தெப்பம்" என்ற சொல்லோடு விளங்கிவிட்டது.

"உள்ளுக்குத் தண்ணி போகுது," என்றார். "அதான் பதியிது. வாலில கயிறு கட்டி இழுத்தா அடித்தையல் இன்னும் பிரியும். செசீலி, அறுபதும் ஓட்டக் கேன்."

எனக்கு அப்போதுதான் கோணாமலையின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவர் தண்ணீர் ஊற்றுவதற்கு வாங்கவில்லைதான். உள்ளே தண்ணீர் வராமல் இருப்பதற்கு வாங்கியிருக்கிறார். நாங்கள் கழிவென்று விட்ட வால், அவருக்குக் கயிறு கட்டத் தோதான காது. கடை கடையாகத் தேடியிருந்தாலும் இவ்வளவு சரியாக ஓட்டைக் கேனை மட்டும் பொறுக்கி எடுத்திருக்க முடியாது.

யோசேப்பு போய் சுவிச்சை அடித்து நிறுத்தினார். ஒன்பது நாளைக்குப் பிறகு வந்த கரண்ட். குழல் முழுக்க உருகின பிளாஸ்ரிக். என் வாயிலிருந்து தன்பாட்டில் வந்தது: "உள்ளுக்க கருகிப் போயிடுமே."

"கருகட்டும்" என்றார்.

முதலாளி உள்ளே கணக்கப்பிள்ளை மேசையிலிருந்து எழுந்து வந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார், சாரத்தை மடித்துக் கட்டினார், மெசினின் சக்கரத்தைக் கையால் பிடித்தார். "எந்தப் பக்கம் சுத்துற?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் அந்தச் சக்கரத்தில் ஒருநாளும் கைவைத்ததில்லை. "வலப்பக்கம், முதலாளி. நிப்பாட்டாம சுத்துங்க" என்றார் யோசேப்பு. "போங்க, போங்க, பஸ்ஸ விட்டுராதீங்க" என்றார் முதலாளி.

அன்று காலை விழுந்த நல்ல கேன் பதினாறைக் கைபிடியில் கயிறு கோத்துத் தூக்கிக்கொண்டு ஒரு மணிப் பஸ்ஸில் ஏறினோம். தோணி இல்லாத இடத்தில் வேறு எதைக் கொண்டு நடு வாவிக்குப் போவது? கொண்டக்ரர் முறைத்தான். நான் திரும்ப முறைத்தேன். யோசேப்பு இருக்கவில்லை. இடம் கிடைத்தும் இருக்கவில்லை. படியில் நின்று பஸ்ஸைத் தான் தள்ளுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு வந்தார்.

கல்லடிப் பாலத்துச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், எல்லோரையும் இறக்கினார்கள். மற்றவர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏறினார்கள். எங்களை நிறுத்திவிட்டார்கள். கேன் என்றால் எரிபொருள், எரிபொருள் என்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். எங்களிடம் கேன் மட்டும்தான் இருந்தது. பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. ஒரு ஆமிக்காரன் பதினாறு மூடியையும் கழற்றி ஒவ்வொன்றாக மூக்கை வைத்து மணந்து பார்த்தான். பதினாறும் புதுப் பிளாஸ்ரிக் மணம். அவன் ஆறுதலாக மணந்தான். யோசேப்புக்கு ஆறுதல் எங்கே? இந்தக் காலில் இருந்து அந்தக் காலுக்கு மாறுகிறார், வாவியைப் பார்க்கிறார், சூரியனைப் பார்க்கிறார். சும்மா நின்றிருந்தால் கால் மணித்தியாலத்தில் விட்டிருப்பான். ஆடுகிற மனிதனைக் கண்டதும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேரின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அட்டை இல்லாமல் அந்தக் காலத்தில் யார் ஒரு அடி நகருவது?

"நிலத்தப் பாத்துக்கிட்டு ஒரு இடத்தில நில்லுங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "உங்கட ஆட்டந்தான் நம்மள மறிச்சு வச்சிருக்கு."

"ஏழு பொம்பிளையள், செசீலி."

"தெரியும். நில்லுங்க."

இரண்டரை மணிக்கு ஆமியில் பெரியவன் ஒருவன் வந்தான். யோசேப்பு சிங்களத்தில் சொன்னார். பட்டறை, ஓட்டைக் கேன், தெப்பம், நாலு மணி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு அட்டைகளைத் தந்தான். தெற்கே போன சீமெந்து லொறி ஒன்றை மறித்து, எங்களை ஏற்றச் சொல்லி அதட்டினான். நல்லவன்தான். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தப் பாலத்தடியில் போய்விட்டது.

செட்டிபாளையத்தில் இறங்கும்போது மூன்றே முக்கால். வடக்கே வானம் கறுத்து நின்றது. கேன்களை இழுத்துக்கொண்டு ஒழுங்கையால் ஓடினோம். வாவிக்கரைக்கு வந்தபோது கரையில் சனம் நின்றது. மழைக்கு முன் வந்துவிடலாம் என்று கோணாமலை நேரத்தோடே புறப்பட்டிருக்கிறார். தெப்பம் நடு வாவிக்கு வந்துவிட்டது.

ஏழு பெண்களும் தண்ணீரின் மேல் குந்தியிருக்கிற மாதிரித் தெரிந்தது. அடியில் தெப்பம் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு பதிந்திருந்தது. கோணாமலை பின்னால் நின்று மரக்கோலை ஊன்றினார். மாரி காலம், வாவி நிறைந்து, நடுவில் இரண்டு ஆள் ஆழம் ஓடியது. கோல் பிடிக்கவில்லை. காற்று வேறு.

கரையில் நின்றவர்கள் "காத்து அடிக்கிது, காத்து அடிக்கிது" என்றார்கள். யோசேப்பு கேன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நீந்தத் தெரியும் என்று கலியாணம் பேசிய காலத்தில் சொன்னவர்; நான் கண்ணால் கண்டதில்லை. இரண்டு மீன்பிடிகாரர்கள் அவருக்குப் பின்னால் பாய்ந்தார்கள். நான் மாதாவைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே மனதுக்குள் ஒரு எண்ணம், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்: ஒருவரும் சாகாவிட்டால் ஒருவருக்கும் தெரியவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அவர்கள் கிட்டப் போக முன்னமே தெப்பத்தின் ஒரு மூலை உள்ளே போனது. பெண்கள் பயத்தில் மறுபக்கம் நகர்ந்தார்கள், அந்தப் பக்கமும் போனது. சத்தம் கரைக்கு வந்தபோது தலைகள் மட்டும் தெரிந்தன. பிறகு வெள்ளைக் கேன்கள் அவர்களுக்குள் போய்ச் சேர்ந்ததைக் கண்டேன். கைகள் கேனைப் பிடித்தன. இங்கிருந்து எண்ணினேன். எண்ண எண்ணக் கணக்குப் பிழைத்தது. கரைக்குக் கொண்டுவந்தபோது சரியாக எண்ணினேன். ஆறு பெண்கள், கோணாமலை. ஏழாவது ஆள் இல்லை.

அந்த ஊர் இளையதம்பி என்பவரின் பெண்சாதி இலட்சுமிப்பிள்ளை. இருட்ட முன்னம், வாவியில் இறால் பிடிக்க அடைத்த கட்டுக்குப் பக்கத்தில் உடலை எடுத்தார்கள். இடுப்பில் களை பிடுங்கின சேற்றுச் சாக்கு இன்னும் கட்டியிருந்தது.

கரையில் யோசேப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சாரம் இல்லை, முழங்காலில் இரத்தம். தப்பி வந்த பெண்களில் அன்னப்பூரணி என்பவள் அவருடைய காலில் விழுந்துவிட்டாள். "இந்தக் கேன் இல்லாட்டி நாங்க ஒருத்தரும் இல்ல" என்றாள். "எப்பிடி மனே சரியா வந்து நிண்டாய்?" என்று ஒரு கிழவர் கேட்டார். யோசேப்பு வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"கேன் விக்க வந்தம்" என்றேன்.

கேன் விற்க வந்த கிறிஸ்தவரைக் கண்ணகையம்மன்தான் அனுப்பினாள் என்று கதை ஊருக்குள் போய்விட்டது. கடைசிப் பஸ்ஸும் போய்விட்டதால் நாங்கள் கோணாமலை வீட்டில்தான் தங்கினோம். கோணாமலை "காத்து, தங்கச்சி, பொல்லாத காத்து" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் "ஓம் அண்ணன்" என்றேன்.

விடிந்ததும் கிணற்றடியில் யோசேப்பைப் பிடித்துக்கொண்டேன். அடக்கம் மத்தியானம். போகாமல் வரவும் முடியாது.

"அங்க போய் ஒண்டும் சொல்லாதீங்க," என்றேன். "சொன்னா செத்தவ ஒழும்பி வரப்போறாவா? ஆமி விசாரிச்சா கேன் குடுத்தது ஆரெண்டு நம்மளத்தான் இழுப்பான். நமக்கும் ஒரு பிள்ள இரிக்கி."

"கும்பிடுறாங்க, செசீலி. ராத்திரி அந்த அன்னப்பூரணி எனக்குச் சோறு கொண்டு வந்து வச்சிட்டுக் கும்பிடுறா. என்னால நிக்க ஏலாது."

"ஏலாட்டி இருங்க. உங்கட சீவியத்தில ஒரு நாளைக்காவது ஒரு இடத்தில வாய மூடிக்கிட்டு இருங்க."

அவர் வாளியை எடுத்துத் தண்ணீர் அள்ளத் தொடங்கினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாவீட்டில் வெள்ளை கட்டியிருந்தார்கள். இளையதம்பி என் மனிதரை விட வயதில் மூத்தவர்; மெலிந்த ஆள். யோசேப்பைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்தார். தனக்குப் பக்கத்துக் கதிரையில், ஊர்ப் பெரியவர்களுக்கு நடுவில், இருத்தினார். நான் பெண்களோடு திகைத்துப் போய் நின்றேன். மூன்று பிள்ளைகள் தாயின் தலைமாட்டில் இருந்தார்கள். மூத்தவளைக் கூப்பிட்டு, "இவருதான், வந்து கும்பிடு" என்றார் இளையதம்பி. பெட்டை எழுந்து வந்து கும்பிட்டாள்.

"நீங்க வரல்லாட்டி ஏழு வீட்டில செத்த வீடு நடந்திருக்கும், தம்பி" என்றார். "எனக்கு விதியில்ல. காத்து அப்பிடி. மத்தவங்க வீட்டுக்கு வந்துட்டாங்கதானே, அது போதும்."

யோசேப்பு எழுந்து நின்றார். அவர் எழும்பிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அவருடைய வாயைப் பொத்தவேண்டும் போல வந்தது. சாவீட்டில் எப்படிப் பொத்துவது?

"காத்தில்ல அண்ணன்," என்றார். "கேன். அது நாங்க கழிச்சு வச்ச கேன். அடியில ஓட்ட. எங்களுக்குத் தெரியும். கழிவெண்டு அடையாளத்துக்குத்தான் வால் விட்டிருந்தம். அது எங்களுக்குத்தான் தெரியும், கோணாமலை அண்ணனுக்குத் தெரியாது."

பந்தலுக்குள்ளிருந்த கோணாமலை ஒரு மூலையிலிருந்து, "தங்கச்சி சொன்னவ, தண்ணி நிக்காதெண்டு சொன்னவ. நான்தான் விளங்கிக்கொள்ளல்ல..." என்று தொடங்கினார். இளையதம்பி அவரைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எத்தின கேன்ல ஓட்ட?"

"அறுபதுலயும்."

"ஒண்டு கூட நல்லதில்லயா?"

"இல்ல, அண்ணன்."

இளையதம்பி குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு யோசேப்பின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்துகொண்டே கோபம் வந்தது. அடிப்பார்கள், அடிக்கட்டும் என்று கூட நினைத்தேன். இளையதம்பி அடிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"காத்தெண்டு கிடந்தா நான் தாங்கியிருப்பன், தம்பி. காத்தோட ஆரு கோவிக்கிற? உங்களயும் என்ட பிள்ளையள் சாகுமட்டும் கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கும். ரெண்டையும் எடுத்துப்போட்டிங்களே."

பெட்டி மூட நேரமாகிவிட்டது என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இளையதம்பி எழுந்து போனார். பெண்கள் எல்லோரும் ஒரேயடியாக அழத் தொடங்கினார்கள், நானும் அழுதேன். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வந்து நின்றார்கள். யோசேப்பும் போய் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் அவரைப் போ என்று சொல்லவில்லை, யாரும் இடம் விடவும் இல்லை.